ஆறு கேலன் வெந்நீர்

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது.
டிரேட்டனில் அக்டோபர்.
லாரி லாரியாய்க் கொட்டிய சர்க்கரை பீட்ரூட் மலைக்கடியில்
பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு:
புருவத்தில் சேறு, காதுமடலில் சேறு,
இரட்டைக் கையுறையைக் கழற்றினால்
நகக்கண்ணிலும் சேறு.
டிரெய்லருக்குள், இரண்டு முழங்கையும் இடிக்கிற
அந்தப் பெட்டிக்குள் நின்று
ஷவரைத் திருகுகிறேன்.

வருகிறது,
பூனை மூத்திரம் போல.

தலையில் ஓரிடத்தை நனைத்துவிட்டு
அடுத்த இடத்தைப் பற்றி யோசிக்கிறது.
நுரை காதுவரை இறங்கி
அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

"நாளைக்குப் பார்க்கிறேன், வெர்லா" என்றான் ஆரின்.
அந்த நாளைக்கு
வயது ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பார்த்தான்.
முதலில் ஹோஸ். படிக்கடியில் மடங்கிக் கிடந்ததை
நிமிர்த்திவிட்டான்.
ஜுரம் விட்டவன் கஞ்சி கேட்கிற அளவுக்குத்
தேறியது தண்ணீர்.
பிறகு குழாயடியில் திருகியிருந்த பித்தளை ரெகுலேட்டர்.
அதன் சல்லடையில் கொஞ்சம் மணல்,
ஒரு பச்சைத் துணுக்கு;
எந்த முகாமில் ஏறி
எத்தனை மாநிலம் எங்களோடு வந்ததோ.
கிராண்ட் ஃபோர்க்ஸ்வரை போய்
முகத்தில் முள் வைத்த பெரிய ரெகுலேட்டர் வாங்கிவந்தான்.
நாற்பத்தைந்து என்றது முள்.
உள்ளே வந்து பார்த்தேன்.
முள் சொன்னது ஷவருக்குக் கேட்கவில்லை.

ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டான்,
என் காப்பிக் கோப்பையில்.
அதைப் பற்றி இங்கே
ஒன்றும் சொல்வதாக இல்லை.

பக்கத்து டிரெய்லர் செலஸ்டினோ
டெக்சாஸ் எல்லையிலிருந்து பதினேழாவது அறுவடைக்கு வந்தவர்.
இரண்டு நாளாய் வேலியோரம் நின்று
சூரியகாந்தி விதை கொறித்தபடி
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் நாள் ஓர் ஊக்கை நீட்டினார்.
"கழுத்துக்குள்ளே ஒரு வில்லை இருக்கும்."

இருந்தது.
சட்டைப் பொத்தான் அளவு, பச்சை பிளாஸ்டிக்,
நடுவில் ஊசித் துளை.
இத்தனை நாளும் என் குளியல் மொத்தமும்
இதற்குள் நுழைந்துதான் வந்திருக்கிறது.
ஆரின் அதைக் குப்பையில் சுண்டிவிட்டான்,
போரில் ஜெயித்தவன் மாதிரி.

மறுநாள் காலை
முதுகில் தட்டி "என்ன சேதி" என்று கேட்டது தண்ணீர்.
கழுத்திலிருந்து கறுப்பாய் ஓடியது நேற்றைய இரவு.
நான் சிரித்தேன், வாய்விட்டு.
அலறல் என்று நினைத்து ஆரின் ஓடிவந்தான்.

மூன்றாவது நிமிடம்
அலறல்தான்.

ஆறே ஆறு கேலன் பிடிக்கிற வெந்நீர்த் தொட்டி.
அதை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை.
வடக்கு டகோட்டாவின் மண்ணுக்கடியில் இருந்த குளிரெல்லாம்
நாற்பத்தைந்து பவுண்டு அழுத்தத்தோடு
என் உச்சந்தலையில்.
கண்ணில் ஷாம்பு.
போதாததற்குச் சனிக்கிழமை நிறைய வேண்டிய கழிவுநீர்த் தொட்டி
புதன்கிழமையே நிறைந்து
காலடியில் கொப்புளித்தது.

துண்டோடு கதவைத் திறந்து எட்டிப்பார்த்தேன்.
செலஸ்டினோ விதை கொறிப்பதை நிறுத்தவில்லை.
"எடு என்றேன்.
தூக்கிப்போடு என்றேனா?"

அன்று மத்தியானம் ஆரின் குறட்டை விடுகையில்
முட்டை ஓட்டுக்கும் காப்பித் தூளுக்கும் நடுவிலிருந்து
அந்த வில்லையைப் பொறுக்கி எடுத்தேன்.
அடுப்பு நெருப்பில் ஊக்கைக் காய்ச்சித்
துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கினேன்.
பூட்டினேன். குளித்துப் பார்த்தேன்.
கழற்றி, இன்னொரு மயிரிழை.
பிளாஸ்டிக் கருகும் வாடையில்
அவன் புரண்டு படுத்தான்,
எழவில்லை.

இப்போது நாலரை நிமிடம் வருகிறது வெந்நீர்,
நுரை இறங்கிப்போகிற வேகத்தில்.
ஒருவருக்குச் சரியாக இருக்கிறது.

அந்த ஒருத்தி நான்.
ஷிஃப்ட் முடிந்ததும் டிரெய்லருக்கு
நான்தான் முதலில் நடக்கிறேன்,
கொஞ்சம் வேகமாகவே.
தொட்டி மறுபடி சுட அரை மணி ஆகும்.
சேற்றுக் காலோடு படியில் உட்கார்ந்திருக்கிற ஆரின்
இதைப் பற்றி என்னிடம்
நாளைக்குப் பேசுவதாக இருக்கிறான்.